காற்றுக்குத் தூக்கிய கைகள்

பாலாற்றங்கரை மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கும் என் மாமாவுக்கு,

கஸ்தூரி எழுதுகிறேன். வெளியாட்கள் முன்னால் உன்னை ‘நீங்க’ என்பேன், வீட்டுக்குள் ‘நீ’ என்பேன். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்று நம் மகள் கவிதா சொல்கிறாள். படித்தால் படிக்கட்டும். நான் உன்னோடு பேசுவது வீட்டுக்குள் பேசுவதுதான், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அவள் திருத்தித் தருவாள். திருத்துகிறேன் பேர்வழி என்று பெரிய வார்த்தை எதையும் உள்ளே நுழைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. கவிதா நன்றாக இருக்கிறாள். நான் இன்னும் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டது நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான், நீ இருந்திருந்தால் விரட்டியிருப்பாய், எனக்கு மனசு வரவில்லை. இதெல்லாம் பெரிய சேதி இல்லை. நான் சொல்ல வந்தது உன் தோஸ்த் அன்வரைப் பற்றி. அவரை நாம் இழக்கப் பார்த்தோம் மாமா. உயிரோடு இருக்கிற மனுஷனை இழக்கப் பார்த்தோம்.

அதைச் சொல்வதற்கு முன்னால், உனக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். சம்பாதித்து வைக்கவில்லை என்று உன்னை எவ்வளவு ஏசியிருக்கிறேன். நீ சேர்த்து வைத்தது மனுஷர்களை என்று இப்போது தெரிகிறது. அவர்கள்தான் இந்த ஒரு வருஷம் என்னைத் தாங்கினார்கள். அதற்கு உனக்குத்தானே நன்றி சொல்ல வேண்டும்?

தோல் கம்பெனியில் ஈரத் தோலைத் தூக்கித் தூக்கி உன் இடுப்பு போயிற்று. மாத்திரைக்கு அடங்கவில்லை. ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் காலையில் யோகா சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாய். சொல்லித் தருவது யார் என்று பார்த்தால் நம் தெருக்கோடி சுகன்யா. ஷூ கம்பெனியில் மிஷின் தைத்துக்கொண்டே யோகா டிப்ளமா படித்த பெண். காலையில் மைதானம், சாயங்காலம் பஜார் பக்கத்துப் பெண்கள் ஜிம் என்று ஓடிக்கொண்டிருந்தாள். அவளை நீ ‘மாஸ்டரம்மா’ என்று கூப்பிடுவாய்.

முதல் நாள் போய்விட்டு வந்து நீ சொன்னது நினைவிருக்கிறதா?

“கஸ்தூரி, அந்தப் பொண்ணு கால் கட்டவெரலத் தொடச் சொல்லுது. நான் முட்டியத் தொட்டேன். போதும்ணா, முட்டியே பெரிய விஷயம்னு சொல்லிடுச்சு.”

“உன் முட்டிய நீ தொடறதுக்கு மைதானம் எதுக்கு? இங்கயே தொடு, நான் பாத்துக்கறேன்.”

மறுவாரமே அன்வரையும் இழுத்துக்கொண்டு போனாய். தோல் ஊறுகிற டிரம் செக்‌ஷனில் உன் கூடவே நின்று உன் கூடவே வயசானவர். அவர் நம் வாசலில் நின்று முரண்டு பிடித்தார்.

“டேய் ஏழுமல, நாங்க அஞ்சு வேளையும் குனிஞ்சு நிமிர்றோம். எனக்கு எதுக்குடா இது?”

“நீ குனியிற, சரி. உன் தொப்ப எங்கடா குனியுது? வா.”

அவர் மனைவி நூர்ஜஹான் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு அந்தத் தெருவுக்கே கேட்டது. அப்புறம் இரண்டு பேரும் ஒரு நாள் தவறாமல் போனீர்கள். இடுப்பு வலி கம்மியானதைவிட, திரும்பி வரும்போது உன் முகம் மலர்ந்து இருந்ததுதான் எனக்குச் சந்தோஷம்.

இப்போது அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அங்கே இருந்தாய், ஆனால் உனக்குத் தெரியாதே.

அதற்கு முன்னால், இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று. தோல் கம்பெனிக்காரர்கள் கையில் ஒரு பழக்கம் உண்டு. கழிவுத் தொட்டிப் பக்கம் யாராவது மயங்கி விழுந்தால் விஷக்காற்று அடித்துவிட்டது என்று அர்த்தம். பேர் கேட்காதே, ஊர் கேட்காதே, இழுத்துப் போட்டு வெட்டவெளிக் காற்றுக்குத் தூக்கு. அப்படித்தான் நம் கல்யாணம் ஆன புதிதில் தொட்டி விளிம்பில் சாய்ந்த ஒரு ஆளை நீயும் அன்வரும் கயிற்றைப் போட்டு இழுத்துக் காற்றுக்குத் தூக்கிக் காப்பாற்றினீர்கள். நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். விழுந்தவனைக் கண்டால் தூக்கு, ஓடு.

அன்றைக்கு நீ கைகளை மேலே தூக்கினாயாம். குனிந்தாயாம். குனிந்தவன் அப்படியே முகம் குப்புற மண்ணில் விழுந்தாய். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். எப்போதும் விழுகிற மாதிரி நடிக்கிறவன் நீ, அவர்களைச் சொல்லி என்ன? அன்வர்தான் புரட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் கத்தியிருக்கிறார்.

“காத்து அடிச்சிருச்சுடா! தூக்குங்கடா!”

எந்தக் காற்று மாமா? மைதானத்தில் இருந்ததெல்லாம் நல்ல காற்றுதான். மூடின இடமா, தொட்டியா, ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கைக்குத் தெரிந்தது அதுதான். நாலு பேர் உன்னை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். “கீழ எறக்குங்க, எறக்குங்க” என்று சுகன்யா பின்னாலேயே கத்தியிருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. இறக்கி என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கும் சொல்ல வரவில்லை.

நான் தெருமுனைக் குழாயில் குடம் வைத்திருந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்று வேகமாகப் போனது. அதிலிருந்து ஒரு கால் வெளியே தொங்கியது. அது உன் கால் என்று தெரிவதற்குள் ஆட்டோ போய்விட்டது. பின்னால் சுகன்யா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில், வரும்போதே முடிந்துவிட்டது என்றார்கள்.

உன் காரியத்தன்று அன்வர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“தங்கச்சி, ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கோ. கடேசி வரைக்கும் அவனுக்கு மூச்சு இருந்துச்சு. ஆட்டோல என் மடியிலதான் படுத்திருந்தான். குறட்ட உட்டான். தூங்கற மாதிரிதான் போனான். கஷ்டப்படல.”

எனக்கு அது போதுமாக இருந்தது மாமா. உன்னைப் பற்றி யார் வந்து துக்கம் கேட்டாலும் நான் அதையே சொன்னேன். தோஸ்த் மடியில் குறட்டை விட்டுக்கொண்டே போனார், கஷ்டப்படவில்லை. எனக்கும் அன்வருக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தைதான் ஆறுதலாக இருந்தது. அவர் தினமும் வேலைக்குப் போகும்போது நம் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். “இன்னா தங்கச்சி, எதனா வேணுமா?” “ஒண்ணும் வேணாம்ணா, போய்ட்டு வா.” அவ்வளவுதான் பேச்சு. அதற்காகவே நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

சுகன்யா வகுப்பை நிறுத்திவிட்டாள். ஜிம்முக்கும் போகவில்லை. அந்தப் பெண்மேல் கேஸ் போடு என்று சொந்தக்காரர்கள் சிலர் என்னிடம் வந்து சொன்னார்கள். செருப்பில்லாமல் ஓடி வந்தவள்மேல் என்ன கேஸ் போடுவது? ஒரு நாள் அவளே வந்தாள். உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

“அக்கா, டிப்ளமால முதலுதவின்னு ஒரு பாடம் இருந்துச்சு. எழுதி மார்க்கும் வாங்கிட்டேன். ஆனா ஒரு பொம்ம மேலகூடக் கைய வச்சுச் செஞ்சதில்ல. அன்னிக்கி அண்ணன் விழுந்தப்போ எல்லாம் மறந்துடுச்சு. இப்ப வேலூர்லேர்ந்து நர்சுங்க வந்து யோகா டீச்சருங்க, ஜிம் மாஸ்டருங்களுக்கெல்லாம் சொல்லித் தர்றாங்களாம். ரெண்டு ஞாயித்துக்கெழம. நம்ம ஊர்லயே.”

“போய்ட்டு வாம்மா. என்கிட்ட எதுக்குக் கேக்குற?”

“நீ வந்து உக்காந்தாதான்க்கா நான் போவேன்.”

“நான் இன்னா மாஸ்டரா? குனிஞ்சா நிமிரத் தெரியாது எனக்கு.”

“சும்மா உக்காருக்கா. நீ இருந்தா போதும்.”

அப்படித்தான் போனேன். ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம். வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். சட்டை கிழிகிற மாதிரி கை பருத்த ஜிம் மாஸ்டர்கள், பாட்டுப் போட்டு ஆட்டம் சொல்லித் தருகிற பெண்கள், வெள்ளை உடுப்பில் யோகாக்காரர்கள். அன்வரும் வந்திருந்தார். சாமான் இறக்க ஆள் வேண்டும் என்று சுகன்யா கூப்பிட்டிருக்கிறாள், உன் மாஸ்டரம்மா கேட்டதும் வந்துவிட்டார். பையிலிருந்து பொம்மையை எடுத்துத் தரையில் போட்டார். தலையும் நெஞ்சும் மட்டும் உள்ள பொம்மை.

“இவனுக்குக் காலே இல்லயே. லுங்கிய எங்க கட்டுவான்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நீ போனதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

சொல்லித் தந்தவர் ஸ்டெல்லா சிஸ்டர். குட்டையான அம்மா, குரல் மட்டும் மைக் வேண்டாத குரல். நெஞ்சு நடுவில் உள்ளங்கையை வைத்து, மேலே இன்னொரு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல் அமுக்க வேண்டும். சரியாக அமுங்கினால் பொம்மைக்குள் ‘டக்’கென்று சத்தம் வரும். பிரபு என்று ஒரு ஜிம் மாஸ்டர் முதலில் வந்தார். கையைப் பார்த்தால் பொம்மை பிழைக்காது என்று தோன்றியது. ஆனால் அவர் கை மடங்கி மடங்கி எழுந்ததே ஒழிய பொம்மை சத்தமே போடவில்லை.

“தம்பி, இது தண்டால் இல்ல. அவரு கீழ உயிருக்குப் போராடுறாரு, நீங்க மேல எக்சசைஸ் பண்ணிட்டு இருக்கீங்க.”

பிரபு வெட்கப்பட்டுச் சிரித்தார். அடுத்த முறை கையை நீட்டிவைத்து அமுக்கினார், டக் டக்கென்று கேட்டது. சுகன்யா மண்டியிட்டபோது என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் விடாமல் அமுக்கினாள் மாமா. கண்ணிலிருந்து தண்ணீர் பொம்மைமேல் விழுந்தது, கையை நிறுத்தவில்லை.

அதற்கப்புறம்தான் அது வந்தது. சிஸ்டர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“ஆள் விழுந்தா தோளத் தட்டிக் கூப்பிடுங்க. பதில் இல்லன்னா ஒருத்தர் நூத்தியெட்டுக்குப் போன் போடணும். மூச்சு நல்லா வருதா பாருங்க. சில பேருக்குக் கொஞ்ச நேரம் குறட்ட மாதிரி சத்தம் வரும், உட்டு உட்டு இழுப்பாங்க. அத மூச்சுன்னு நம்பி ஏமாந்துடாதீங்க. நெஞ்சு நின்னுபோனவங்களுக்கும் அது வரும். அப்ப அந்த எடத்துலயே, தரையிலயே, அமுக்க ஆரம்பிச்சிடணும். தூக்கிட்டு ஓடாதீங்க. ஓடற நேரம் பூரா மூளைக்கு ரத்தம் போகாது.”

கூடத்தின் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்த அன்வர் கேட்டார். “சிஸ்டர், குறட்ட உட்டா உயிரு இருக்குன்னுதானே அர்த்தம்?”

அந்த அம்மாவுக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. “இல்ல பாய். அதத்தான் சொல்றேன்” என்றார்.

“என் மடியில உட்டானே.”

யாருக்கும் புரியவில்லை. எனக்கும் சுகன்யாவுக்கும் மட்டும் புரிந்தது. அன்வர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார், ஏதோ அழுக்கைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் வெளியே போய்விட்டார். நான் எழுந்து போவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் டீ குடிக்கப் போனபோது நான் சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன். “தூக்காம அங்கயே அமுக்கியிருந்தா என் வீட்டுக்காரரு பொழச்சிருப்பாரா?”

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்மா. அமுக்கினா எல்லாரும் பொழைக்கறது இல்ல. ஆனா அமுக்கியிருந்தா வாய்ப்பு ஜாஸ்தி. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்.” பிடித்த கையை விடாமலே, “அவரு செஞ்சது தோல் கம்பெனில சரிம்மா. அங்க காத்துதான் மருந்து. இங்க காத்து இருந்துச்சு, நெஞ்சுதான் நின்னுபோச்சு. அவருக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

வீட்டுக்கு வந்து உன் படத்தின் எதிரில் உட்கார்ந்தேன். இதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாமா மாமா? குறட்டை விட்டுக்கொண்டே தூங்கிப் போனாய் என்று நம்பிக்கொண்டே நான் செத்துப் போயிருக்கலாமா? அழுதேன். கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். ஆனால் உன்னை அள்ளிக்கொண்டு ஓடின அந்த நாலு பேரை நினைத்தபோது கோபம் நிலைக்கவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காமல் ஓடினார்களே. அந்த நன்றிதான் மிச்சம் நின்றது.

மறுநாள் காலையில் அன்வர் வாசலில் நிற்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பின் தெரு வழியாக வேலைக்குப் போகிறார் என்று கவிதா சொன்னாள். நூர்ஜஹான் கறிவேப்பிலை வாங்குகிற சாக்கில் வந்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அண்ணி, மனுசன் சோறு சரியாத் துன்றது இல்ல. கைய வச்சிக்கினு பாத்துனே உக்காந்திருக்காரு. ராணிப்பேட்டைல என் தம்பிகிட்டப் பேசி அங்க ஒரு கம்பெனில வேல பாத்துட்டாரு. வீட்டையே காலி பண்ணலாம்ன்றாரு. இந்த ஊர்ல இருந்தா பேஜாரா இருக்குதாம்.”

பயந்துபோனேன் மாமா. நீ போய்விட்டாய். உன் பேரை உரிமையாகச் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான் மிச்சம். அவரும் போய்விட்டால் உன்னைப் பற்றி நான் யாரிடம் பேசுவேன்? அதைவிட, என் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு நல்ல மனுஷன் ஊரைவிட்டுப் போவதா?

இரண்டாவது ஞாயிறு காலையில், தைக்க வைத்திருந்த ஷூக்களை அப்படியே போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மூட்டைகள் கட்டி வைத்திருந்தார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

“இன்னாண்ணா, சொல்லாம கொள்ளாம ஊரக் காலி பண்ற?”

“தங்கச்சி, நான் அவனக் கொன்னுட்டேன்.”

நூர்ஜஹான் சமையல்கட்டிலிருந்து அழ ஆரம்பித்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

“உன்னத் தேத்தறதுக்குப் பொய் சொல்ல மாட்டேன்ணா. சிஸ்டர்கிட்டக் கேட்டுட்டேன். அங்கயே அமுக்கியிருந்தா வாய்ப்பு ஜாஸ்தின்னாங்க. பொழச்சிருப்பாருன்னு சொல்லல. செத்திருப்பாருன்னும் சொல்லல. யாருக்கும் தெரியாது. அத நானும் நீயும் சாவற வரைக்கும் வச்சிக்கணும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆனா ஒண்ணு தெரியும் எனக்கு. எம்புருஷன் ரோட்டோரத்துல அனாதையா போவல. உன் மடியில போனாரு. உன் கொரலக் கேட்டுனே போயிருப்பாரு. அத நீ எனக்குக் குடுத்திருக்க. அத எந்தச் சிஸ்டரும் வந்து தப்புன்னு சொல்ல முடியாது.”

“இந்தக் கையி...” என்றார். இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்.

“அந்தக் கைக்கு ஒண்ணும் ஆவல. எழுந்து வா. இன்னிக்கி ரெண்டாவது ஞாயிறு.”

“அங்க நான் வர மாட்டேன் தங்கச்சி.”

அப்போது உன்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன் மாமா. “உன் தோஸ்து இப்ப இங்க இருந்தா இன்னா சொல்லுவாரு தெரியுமா? ‘டேய், ஊரு பூரா பாக்க என்னத் தூக்கினு போன, கால உள்ள வச்சியாடா? கொழாயடில நிக்கிற பொம்பளைங்கல்லாம் என் வெடிச்ச பாதத்தப் பாத்துட்டாங்க’ன்னு திட்டியிருப்பாரு.”

அன்வர் நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போனது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. “திட்டுவான். நாய்க்குப் பொறந்தவன், நல்லாத் திட்டுவான்” என்று சொல்லிச் சொல்லி அழுதார். நூர்ஜஹான் முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மண்டபத்துக்குள் நாங்கள் போனபோது தலைகள் திரும்பின. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு பொம்மையைக் காட்டி, “வாங்க பாய், இது ஃப்ரீயாத்தான் இருக்கு” என்றார்.

அன்வர் மண்டியிட்டார். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். முதலில் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். எல்லோரும் அதுவரை “சார், சார், இன்னா ஆச்சு” என்றுதான் பொம்மையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்வர் இரண்டு தோளிலும் கையை வைத்தார்.

“ஏழுமல! டேய் ஏழுமல!”

“ஏழுமல, எந்திரிடா!” என்று இன்னொரு முறை தட்டினார். பொம்மை அப்படியே கிடந்தது. “போனு போடுங்க” என்று சுகன்யாவைப் பார்த்துக் கத்தினார். கையை நெஞ்சில் வைத்தார். டக். டக். டக்.

எவ்வளவு நேரம் அமுக்கினார் என்று நான் பார்க்கவில்லை. வியர்வை தாடியிலிருந்து சொட்டியது. பிரபு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பாய், கை தளர்ந்துடுச்சு, மாத்திக்கலாம்” என்றார். அவர் தலையை ஆட்டினார், விடவில்லை. சிஸ்டர் குனிந்து, “தளர்ந்த கை சரியா அமுக்காது பாய். மாத்திக் குடுக்கறதும் காப்பாத்தறதுதான்” என்றார். அப்போதும் விடவில்லை. டக் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. யாரிடம் கொடுப்பது என்று தேடுகிற மாதிரி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, நீ வா.”

ஆம்பளை நெஞ்சில், அதுவும் இத்தனை பேர் முன்னால் என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை மாமா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கையை எடுத்த அந்த நொடியில் நான் கையை வைத்தேன். முதல் அமுக்கில் சத்தம் வரவில்லை. “இன்னும் ஆழமா” என்றார் அன்வர், ஏதோ கம்பெனியில் புது ஆளுக்குச் சொல்கிற மாதிரி. அமுக்கினேன். டக்கென்று கேட்டது. “அப்படித்தான், அப்படித்தான், நிறுத்தாத” என்றார். அவர் குரல் பழைய குரலாக இருந்தது.

ராணிப்பேட்டை மூட்டைகளை நூர்ஜஹான் அன்று சாயங்காலமே பிரித்துவிட்டாள்.

இப்போது மைதானத்தில் வகுப்பு மறுபடி நடக்கிறது. நானும் போகிறேன், நம்புவாயா? முட்டியைத் தொடுகிறேன். கட்டைவிரலுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. முடிவில் எல்லோரும் கண்ணை மூடி அசையாமல் படுக்கிறோம் இல்லையா, அப்போது சுகன்யா வரிசை வரிசையாக நடந்து வருவாள். அவள் காலடி பக்கத்தில் கேட்டதும் ஒவ்வொருத்தரும் ஒரு விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். விரல் எழவில்லை என்றால் அவள் உட்கார்ந்து தோளைத் தட்டுவாள். போன வாரம் அன்வர் நிஜமாகவே தூங்கிவிட்டார். சுகன்யா தட்டின தட்டில் அலறிக்கொண்டு எழுந்தார். “பாய், நெஞ்சுல கைய வச்சிருப்பேன், தப்பிச்சீங்க” என்றாள். மைதானமே சிரித்தது.

புதிதாக வகுப்புக்கு யார் வந்தாலும் முதலில் அன்வரிடம்தான் அனுப்புகிறாள். தோல் கம்பெனி ஆட்கள்தான் ஜாஸ்தி. விழுந்தவனைக் கண்டால் தூக்கு, ஓடு என்று கைப்பழக்கம் உள்ளவர்கள். அவர்களுக்கு அவர் கம்பெனிக்கு ஒன்று, மைதானத்துக்கு ஒன்று என்று பிரித்துச் சொல்கிறார். எதனால் சொல்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் உன் பேரைச் சொல்கிறார், தான் செய்ததையும் மறைக்காமல் சொல்கிறார். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவர் முகம் எப்படி ஆகிறது என்று நான் பார்க்கிறேன். லேசாக ஆகவில்லை மாமா. இன்னும் ஆகவில்லை. ஆனாலும் சொல்கிறார்.

அன்றைக்கு உன்னைத் தூக்கின மற்ற மூன்று பேருக்கும், ஆட்டோக்காரருக்கும், செருப்பில்லாமல் ஓடி வந்த சுகன்யாவுக்கும், பொய் சொல்லாத ஸ்டெல்லா சிஸ்டருக்கும் இந்தக் கடிதத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த மைதானத்திலோ நம் தெருவிலோ யார் விழுந்தாலும், அவர் நம் ஆளோ வேற்றாளோ, மண்ணில் மண்டியிட்டுக் கையை வைப்பேன். கூட அன்வர் இருப்பார். அவர் கை தளரும்போது அவர் கேட்பதற்கு முன்பே நான் கையை மாற்றிக்கொள்வேன். நாங்கள் அமுக்கியும் அந்த மனுஷர் பிழைக்காமல் போகலாம். அன்றைக்கு அன்வரை அந்த இடத்திலிருந்து தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். பக்கத்திலேயே நடந்து வருவேன்.

உன் மாமன் மகளும் பெண்சாதியும், அன்வரின் தங்கச்சியும் ஆன
கஸ்தூரி